விடுமுறை நாளில் தனியே ஒரு குளக்கட்டில்

பதுளையில் இருந்து வேலைக்காக ஒட்டுசுட்டானுக்கு வந்திருக்கிறீர்கள். பெப்ரவரி 4 வாரத்தின் நடுவில் வருவதால் ஊருக்குப் போய்வர நேரம் போதாது. அறையில் கூட இருப்பவர்கள் எல்லாரும் யாழ்ப்பாணம் போய்விடுவார்கள். அந்த ஒரு நாளை மரமும் தண்ணீரும் உள்ள ஓரிடத்தில் தனியாகச் சந்தோசமாகக் கழிக்க எங்கே போகலாம், பெண் ஒருவர் தனியே போவது பாதுகாப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். இடத்தைப் பற்றிய கேள்வி போலத்தான் தொடங்குகிறது. ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது: "எல்லாரும் கூடியிருக்கிற நாளில் தனியாக இருக்க ஆசைப்படுவது பிழையா?" எனக்கு அந்த வரிதான் உங்கள் கேள்வியாகப் படுகிறது. இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

நான் நீர்ப்பாசனத் துறையில் தொழினுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். வேலைக்காலத்தின் பெரும்பகுதி முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்டக் குளங்களில் போனது. குளக்கட்டில் தனியாக நடப்பது எங்கள் தொழிலோடு சேர்ந்தது. கட்டில் எங்காவது கசிவு தெரிகிறதா, கறையான் புற்று எழும்பியிருக்கிறதா, உடும்பு வளை தோண்டியிருக்கிறதா, அலை கல்லைப் பெயர்த்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகவேண்டும். கூட ஆள் இருந்தால் கவனம் கதையில் போய்விடும். அப்படி நடந்து பழகியதில் பறவைகளில் ஆசை வந்து, ஜனவரி மாதங்களில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் சேர்ந்துகொண்டேன். ஆகவே குளம், காடு, பறவை, யானை பற்றி நான் சொல்வதை நடந்து அறிந்தவனாகச் சொல்கிறேன். மனத்தைப் பற்றிச் சொல்வது வாசித்ததும் கண்டதும்தான். உளவளம் என் படிப்பு இல்லை. அந்த இடங்களில் அதற்கேற்ற நிறையை மட்டும் கொடுத்து வாசியுங்கள்.

முதலில் அந்த நாள். 1948 பெப்ரவரி 4 இல் நாடு சுதந்திரம் அடைந்ததற்கான விடுமுறை அது. அதே 1948 இல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத்தில் எத்தனை குடும்பங்களை நாடற்றவர்களாக்கியது என்று பதுளைப் பிள்ளைக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களும் இங்கே நிறைய. பெப்ரவரி 4 அன்று இங்கே அலுவலகங்களில் கொடி ஏறும். அதே காலையில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கறுப்புக்கொடியோடு வீதிக்கு வருவார்கள். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சிக் கந்தசாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டம் தொடங்கியவர்கள் அந்தத் தாய்மார். ஆகவே எல்லாரும் கூடிக் கொண்டாடுகிற நாளில் நீங்கள் மட்டும் விலகி நிற்பதாக நினைக்காதீர்கள். வன்னியில் அந்த நாளை வீட்டுக்குள் இருந்தே கடத்துகிறவர்கள் ஏராளம். ஒதுங்கி இருக்க விரும்புவதற்கு யாரும் யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் அலுவலகத்தில் கொடியேற்றத்துக்கு வரவேண்டும் என்று சுற்றறிக்கை ஏதும் இருக்கிறதா என்று இரண்டு நாளைக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

சரி, தனியாக இருப்பது மனத்துக்கு நல்லதா? 2018 இல் வெளியான ஓர் ஆய்வில் ஆட்களை 15 நிமிடம் தனியே இருக்க விட்டுப் பார்த்தார்கள். பரபரப்பான உணர்வுகள் எல்லாம், உற்சாகமும் சரி பதற்றமும் சரி, அந்த நேரத்தில் தணிந்தன. தானாக விரும்பித் தனிமையை எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்தத் தணிவு ஓய்வாக அமைந்தது. 2019 இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் கேட்டு எழுதிய இன்னொரு ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிலையும் நன்றாக இருப்பதாகக் கூடுதலாகச் சொன்னதைக் காட்டியது. அந்த நேரத்தை ஒரே தடவையில் கழித்தாலும் பிரித்துப் பிரித்துக் கழித்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. இதைக் கேட்டதும் மருந்துச் சீட்டுப் போல எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளியே போனதால் நலம் வந்ததா, நலமாக இருந்தவர்கள்தான் வெளியே போனார்களா என்பதை அந்த மாதிரிக் கணக்கெடுப்பால் பிரித்துச் சொல்ல முடியாது. இங்கிலாந்துப் பூங்காவும் எங்கள் குளமும் ஒன்றில்லை. 'விரும்பி' என்ற சொல்லை மட்டும் நான் அழுத்திப் பிடிக்கிறேன். கூட்டிப்போக யாரும் இல்லாததால் தனியே கிடப்பதும், நானே தேர்ந்தெடுத்துத் தனியே போவதும் ஒரே நாளை இரண்டு வேறு நாளாக்கிவிடும். கூட இருப்பவர்கள் புறப்பட்ட பிறகு அறையில் இருந்து யோசித்து முடிவெடுக்காமல், இப்போதே எந்தக் குளம் என்று முடிவெடுங்கள் என்று சொல்வது அதனால்தான்.

ஆய்வை விட எனக்கு நம்பிக்கை தருவது நான் வேலையில் கண்டது. புதிதாகச் சேரும் பிள்ளைகளைத் துருசடியில், அதாவது குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் மதகடியில் நிறுத்தி, வாய்க்காலுக்குத் தண்ணீர் போகும் அளவைப் பார்த்துக்கொண்டிரு என்று விட்டுவிட்டு வருவோம். முதல் அரை மணித்தியாலம் போனை எடுப்பார்கள், வைப்பார்கள், எழும்பி நடப்பார்கள், மணி பார்ப்பார்கள். ஒரு மணித்தியாலம் அளவில் முகம் சோர்ந்துபோய் இருக்கும். அந்த நேரத்தில் போய்க் கேட்டால், வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் ஏதோ ஒன்று அடங்கும். திரும்பிப் போய்ப் பார்த்தால், தண்ணீரில் என்ன போகிறது, மரத்தில் என்ன இருக்கிறது என்று அவர்களே சொல்லத் தொடங்குவார்கள். எல்லாருக்கும் இப்படித்தான் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலானவர்களில் இதைக் கண்டிருக்கிறேன். நாளைக் கழிக்கப் போகிறவர்கள் எல்லாம் தவறவிடுவது இந்த இடத்தில்தான். அந்தச் சலிப்பு வந்ததும் "இங்கே ஒன்றும் இல்லை, வேறு இடம் பார்ப்போம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். அடுத்த இடத்திலும் அதே சலிப்பு முதலில் இருந்து தொடங்கும். நான் உங்களுக்குச் சொல்லக்கூடிய பெரிய விசயம் இதுதான்: ஒரே குளம், ஒரே மரநிழல், ஆகக் குறைந்தது மூன்று மணித்தியாலம். நான்கு இடம் பார்க்கத் திட்டம் போடாதீர்கள்.

எந்தக் குளம்? உங்களுக்குக் கிட்டத்தில் இருப்பது முத்தையன்கட்டு. பேராற்றை மறித்துக் கட்டிய பெரிய குளம், கட்டில் நின்றால் காடும் வயலும் ஒரே பார்வையில் தெரியும். மோட்டார் சைக்கிளோ தெரிந்த ஆட்டோவோ இருந்தால் மாங்குளத்துக்கு அப்பால் வவுனிக்குளமும் நல்லது. இரணைமடு வட மாகாணத்திலேயே பெரிய குளம், அழகுக்குக் குறைவில்லை. ஆனால் விடுமுறை நாளில் பத்து மணிக்குப் பிறகு, நிரம்பிய தண்ணீரை வெளியே விடும் வான்கதவுப் பக்கம் வானும் பஸ்ஸுமாகச் சனம் வந்து இறங்கும், பாட்டுப் பெட்டியும் வரும். தனிமைக்கு அந்த நாளில் அது சரிவராது. தண்ணிமுறிப்புப் பக்கம் காடு நெருக்கம், முதல் தடவை தனியாக வேண்டாம். சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். வனசீவராசிகள் திணைக்களத்தின் விதிமுறைகள் அங்கே உண்டு, அவர்களிடம் கேட்காமல் போக வேண்டாம். பூநாரைகளைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் மன்னாருக்குப் போகும் வீதியில் வங்காலைக் கடலேரிப் பக்கம் நல்லது. 2010 இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அங்கீகாரம் பெற்ற சரணாலயம் அது. ஆனால் ஒட்டுசுட்டானில் இருந்து போய்வரவே நாள் போய்விடும்.

நந்திக்கடலையும் பட்டியலில் எழுதியிருந்தீர்கள். வட்டுவாகல் பாலத்தடியில் பறவை நிறைய உண்டு, அது உண்மை. ஆனால் 2009 இல் அந்தக் கரையில் நடந்ததை நினைக்காமல் அந்தத் தண்ணீரைப் பார்க்க எங்களில் பலரால் இன்றும் முடியாது. சந்தோசமாக ஒரு நாள் கழிக்க என்று அங்கே போகாதீர்கள். வேறொரு நாள், வேறொரு மனத்தோடு போங்கள். போகும்போது வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலடியிலும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வாருங்கள்.

எந்தக் குளமாக இருந்தாலும் காட்டுக்குள் இறங்காமல் குளக்கட்டிலேயே இருங்கள். கட்டு உயரமானது, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், எது வந்தாலும் தூரத்திலேயே தெரியும். வயலுக்குப் போகிற கமக்காரர், மாடு சாய்த்துக்கொண்டு போகிறவர், துருசு பார்க்கும் ஊழியர் என்று இடைக்கிடை ஆள் போய்வரும். யாரும் உங்களோடு நின்று கதைக்கப் போவதில்லை. ஆனால் நீங்கள் அங்கே இருப்பது நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். தனியாக இருப்பதற்கு அந்த அளவு ஆள்நடமாட்டம் வேண்டும்.

பெப்ரவரி முதல் கிழமை வன்னிக் குளங்களுக்கு நல்ல நேரம். மாரி ஓய்ந்து, நிரம்பிய தண்ணீர் வான்கதவால் பாய்ந்து அடங்கி, தண்ணீர் ஓரிரு அடி இறங்கத் தொடங்கியிருக்கும். கட்டுக்கு வெளிப்பக்கம் காலபோக நெல் பழுத்து, சில வயல்களில் வெட்டு மெஷின் இறங்கியிருக்கும். மெஷினுக்குப் பின்னால் வெள்ளைக் கொக்குகள் வரிசை பிடித்து நடக்கும். தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். கட்டின் புல்லில் காலையில் நடந்தால் முழங்கால்வரை நனையும், மலைநாட்டுக் குளிர் பழகிய உங்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. சூரியன் 6.30 க்குச் சற்று முன் எழும்பும். நன்றாக விடிந்த பிறகே வீட்டில் இருந்து வெளிக்கிடுங்கள். 7 மணிக்குக் கட்டில் நின்றால் போதும்.

போனதும் துருசடிக்குப் போய் நீர்மட்ட அளவுகோலைப் பாருங்கள். அடிக்கணக்கு எழுதிய தூணோ பலகையோ தண்ணீருக்குள் நிற்கும். குளத்தை நாங்கள் எப்போதும் அடியில்தான் சொல்வோம். தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே அலை நனைத்த ஈரக் கோடு இருக்கும், அதற்கு மேலே காய்ந்த சேறு ஒரு கோடாக ஒட்டியிருக்கும். அந்தச் சேற்றுக் கோடுதான் இந்த மாரியில் தண்ணீர் ஏறி நின்ற உயரம். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம், சனம் வயலுக்கு எடுத்ததும் வெயில் குடித்ததும். ஒரு சின்னக் கொப்பியில் அந்த அளவை எழுதிக்கொண்டால், அன்றைக்கு உங்களுக்கு ஒரு வேலை தொடங்கிவிடும். கைக்குச் சின்ன வேலை ஒன்று இருந்தால் முதல் ஒரு மணித்தியாலம் இலகுவாகப் போகும். அளவு எழுதலாம், கண்ட பறவைகளை எண்ணலாம், எதிர்க்கரை மரவரிசையைக் கீறலாம். பேர் தெரியாத பறவைக்கு "கறுப்புத் தலை, மஞ்சள் கால்" என்று எழுதினால் போதும். பேரை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

இருந்ததும் முதலில் ஆட்காட்டி கத்தும். நீங்கள் வந்திருப்பதைக் குளம் முழுக்க அறிவித்துவிட்டுத்தான் ஓயும். இருபது நிமிடம் அளவு அசையாமல் இருங்கள், நீர்க்காகம் பட்ட மரத்தில் திரும்பி வந்து செட்டையை விரிக்கும். தாமரை பரவிய பக்கமாக இருந்தால் இலைக்கோழியைக் கவனியுங்கள். அதன் கால்விரல்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளம். ஓர் இலையில் கால் வைத்ததும் இலை மெல்ல அமிழும், ஓரத்தால் தண்ணீர் உள்ளே ஏறும், முழுக்க அமிழ முன் அடுத்த கால் அடுத்த இலையில் இருக்கும். நடுவில் நின்று அலகால் இலையின் விளிம்பைத் தூக்கிப் பார்த்து, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சியை எடுக்கும். படங்களில் உள்ள நீள வால் இந்த மாதத்தில் பெரும்பாலும் இருக்காது, அது இனப்பெருக்க காலத்துக்கானது. தண்ணீர் இறங்கிய அலைகரைச் சேற்றில் நத்தைகொத்தி நாரை நிற்கும். அதன் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். அந்த இடைவெளியில் வைத்துத்தான் நத்தையை உடைக்கிறது என்று பலர் சொல்வார்கள். ஆனால் அது சாப்பிட்டு எறிந்த கூடுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் உடையாமல் முழுசாக இருக்கும். கீழலகின் நுனியை உள்ளே விட்டுச் சதையை மட்டும் வெட்டி இழுத்துவிடுகிறது. நடுத்தண்ணீரில் கறுப்புக் கோடாகத் தெரிவது ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியுமாக இருக்கலாம், வட ஆசியாவில் இருந்து வந்து தங்கியிருப்பவை. பைனாகுலர் இல்லாவிட்டால் அவற்றை விட்டுவிடுங்கள், கிட்டத்தில் இருப்பதே ஒரு நாளுக்குப் போதும். வாய்க்காலோரப் பற்றை நிழலில் இருந்து இரண்டு துண்டு விசில் கேட்டால் அது ஆறுமணிக் குருவி. இந்தியாவில் இருந்து மாரிக்கு வந்து நிற்பது, விடியலிலும் பொழுதுபடுகிற நேரத்திலும்தான் கூடுதலாகக் கூப்பிடும்.

இனி ஆபத்துகள். யானையில் உறுதியாகச் சொல்லக்கூடியது நேரம். பகலில் காட்டு நிழலில் ஒதுங்கி நிற்பவை, பொழுதுபடும் நேரம் வெளிக்கிட்டு இரவில் குளத்துக்கும் வயலுக்கும் வந்து, வெயில் ஏற முன் திரும்பிவிடும். நெல் விளைந்திருக்கும் மாதம் என்பதால் வரவு கூடும். ஆகவே பின்னேரம் 3 மணிக்குக் கட்டை விட்டு இறங்குங்கள், சூரியன் மறைவதைப் பார்க்க நிற்கவே வேண்டாம். வழியில் ஈரம் காயாத இலத்தி கிடந்தால், முறித்துப் போட்ட கொப்பில் இலை வாடாமல் இருந்தால், அன்றைக்கு அந்த வழி வேண்டாம். கொம்பு இல்லாத யானையைக் கண்டு பெண்யானை என்று ஆறுதல்படாதீர்கள். இலங்கையில் ஆண்யானைகளில் தந்தம் உள்ளவை பத்தில் ஒன்றுகூட இல்லை. தனியே நிற்கும் அலியன், அதாவது தந்தமில்லாத ஆண்யானைதான் நாங்கள் மிகவும் பயப்படுவது. யானை துரத்தினால் வளைந்து வளைந்து ஓடு, அசையாமல் நில், சட்டையைக் கழற்றி எறி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒவ்வொன்றும் ஒருவருக்குப் பலித்திருக்கும், இன்னொருவருக்குப் பலிக்காமல் போயிருக்கும். நான் உறுதியாகச் சொல்லக்கூடியது தூரம் மட்டும்தான். தூரத்தில் கண்டதுமே திரும்புங்கள், படம் எடுக்க நிற்காதீர்கள்.

மிதிவெடியை இந்த மண்ணில் ஒருபோதும் மறக்க முடியாது. கண்ணிவெடி அகற்றும் பணி இத்தனை வருடமாக நடந்தும் முடியவில்லை. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 இல் சேர்ந்தது, அதன்படி நாட்டைத் துப்புரவாக்கக் கொடுக்கப்பட்ட தவணை 2028. குளக்கட்டும் வாய்க்கால் வீதியும் மெஷின் ஓடித் திருத்திய இடங்கள், தினமும் ஆள் நடக்கும் இடங்கள். கட்டிலேயே இருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மண்டையோட்டுப் பலகையோ சிவப்பு நுனிக் கட்டையோ கண்டால் வந்த வழியே திரும்புங்கள். மாடு மேய்கிறதே என்று பற்றைக்குள் இறங்காதீர்கள், ஒதுக்குப்புறம் தேடியும் இறங்காதீர்கள். புறப்படும்போதே வீட்டில் மலசலகூடம் போய்விட்டுக் கிளம்புங்கள், வழியில் கோயிலோ கடையோ எங்கே இருக்கிறது என்றும் பார்த்து வையுங்கள். வெள்ளம் பழைய வெடிபொருளை இடம் மாற்றக்கூடும் என்பதால், துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாமல் விட்டு, 119 க்கோ கிட்டிய பொலிஸுக்கோ சொல்லுங்கள்.

பாம்பில் கவனிக்க வேண்டியது முத்திரைப் புடையன். வயல் வெட்டும் காலத்தில் எலியைத் தேடி வரும், காய்ந்த இலைக்குள் கிடந்தால் தெரியவே தெரியாது. மூடிய சப்பாத்து போடுங்கள். இருக்குமுன் கம்பால் இடத்தைத் தட்டிப் பாருங்கள். கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது ஒன்றும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 1990 அம்புலன்ஸைக் கூப்பிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் வழி. குளங்களில் முதலை உண்டு. தாமரை பறிக்கவோ கால் கழுவவோ தனியாகத் தண்ணீருக்குள் இறங்காதீர்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் வயல் தண்ணீரிலும் மிதிக்க வேண்டாம், எலிக்காய்ச்சல் இந்தப் பருவத்தில்தான் கூடும். அறைக்குத் திரும்பியதும் உடுப்பைத் தோய்க்கப் போட்டுவிட்டு, உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

பெண் தனியே போகலாமா என்பதில் நான் ஆணாக நடந்த அனுபவம் உதவாது. என்னோடு கட்டில் வேலை செய்த பெண் உத்தியோகத்தர்கள் சொன்னதையும் செய்ததையும்தான் சொல்ல முடியும். அவர்கள் தனியே போனார்கள், ஆனால் தெரியாத கட்டுக்கு முதல் தடவை தனியே போகவில்லை. ஆகவே விடுமுறைக்கு முந்தைய சனி ஞாயிறில் ஊர்ப் பெண் ஒருவரோடு ஒரு தடவை போய்ப் பாருங்கள். போன் எங்கே பிடிக்கிறது, எங்கே அறுகிறது என்று பார்த்து வையுங்கள். கட்டில் ஐயனார் கோயிலோ பிள்ளையார் கோயிலோ இருந்தால் அதற்குக் கிட்டவே இடம் பிடியுங்கள். வன்னியில் குளத்தடிக் கோயிலில் ஒரு பெண் மணிக்கணக்காக இருந்தாலும் நேர்த்தியாக்கும் என்று நினைத்துச் சனம் தன்பாட்டில் போகும். வீட்டுக்கார அம்மாவிடம் எந்தக் குளம், எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லி, அந்த நேரம் தாண்டி அரை மணித்தியாலம் போனால் யாருக்கு எடுக்கவேண்டும் என்றும் எழுதிக் கொடுங்கள். முகநூலில் போகும் இடத்தை முன்கூட்டியே போடாதீர்கள், வந்த பிறகு படத்தைப் போடலாம். ஒருவரைக் கண்டு மனம் சரியில்லை என்று பட்டால், காரணம் தேடாமல் எழும்பி ஆள் உள்ள பக்கம் நடவுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும், சில குளங்களுக்குப் பக்கத்தில் படை முகாம் இருக்கிறது. அந்தப் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம்.

சாப்பாடு: புட்டும் சம்பலும் வாழை இலையில் கட்டினால் மதியம்வரை கெடாது. இரண்டு போத்தல் தண்ணீர், பிளாஸ்கில் தேத்தண்ணி, ஒரு சரை வறுத்த கச்சான். குரங்கு இருக்கும் இடத்தில் பையைத் திறந்து வைக்காதீர்கள். தொப்பி, பனிக்கு ஒரு சால்வை. பாட்டுக் கேட்கும் ஹெட்போனை வீட்டிலேயே விடுங்கள். மனத்துக்காகச் சொல்வதை விட, காது அடைபட்டிருந்தால் பின்னால் கொப்பு முறியும் சத்தம் கேட்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும், கோபிக்காதீர்கள் தங்கச்சி. உங்கள் கேள்வியில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஆனாலும் தனியாக இருக்கும் ஆசைக்குப் பின்னால் கிழமைக்கணக்காக நித்திரை இல்லாமை, சாப்பாட்டில் மனமில்லாமை, யாரோடும் கதைக்கப் பிடிக்காமை இருந்தால், அந்த நாளைக்குக் குளக்கட்டு ஏற்ற இடம் இல்லை. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவும் உண்டு. இழப்பில்லாத வீடு இல்லாத ஊர் இது. இங்கே அதைக் கேட்டுப் போவதை யாரும் குறையாக நினைப்பதில்லை.

கடைசியாக, "எட்டரை மணிக்கே அலுத்துவிட்டால் என்ன செய்வது" என்று கேட்டிருந்தீர்கள். கொண்டுபோன தேத்தண்ணியை அப்போது குடியுங்கள், பத்து மணிவரை இருந்து பாருங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் வீட்டுக்கு வாருங்கள், இருந்தே ஆகவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. ஒவ்வொரு பூரணைக்கும் விடுமுறை வருகிறது. மாசிப் பூரணைக்குள் தண்ணீர் இன்னும் இறங்கி அலைகரைச் சேறு அகலும், சேற்றில் இரைதேடும் உள்ளான் குருவிகள் கூடும். வலசை வந்தவை ஏப்ரலுக்குள் பெரும்பாலும் புறப்பட்டுவிடும், அதற்குள் இன்னொரு தடவை போய்ப் பாருங்கள்.